புது நர்ஸ் ஊர் மாற எது நல்ல நேரம்?

"பொண்ணு பி.எஸ்ஸி. நர்ஸிங் முடிச்சுட்டா. கவுன்சில் பதிவும் ஆயிடுச்சு. எதிர்வீட்டுப் பொண்ணு குவைத்துல கை நிறைய சம்பாதிக்கிறா. இவளையும் உடனே அனுப்பிடலாமா, இல்ல கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா?"

நர்ஸிங் முடித்த பெண்ணோ பிள்ளையோ இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அம்மா ஒரு கட்சி, அப்பா ஒரு கட்சி! முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவு வேறு, பழக்கம் வேறு

கவுன்சில் பதிவு என்பது வேலை செய்வதற்கான அனுமதி. அனுபவம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ராத்திரி இரண்டு மணி. ஆபரேஷன் ஆன நோயாளி. ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடித்துடிப்பு மெள்ள மெள்ள ஏறுகிறது. சிறுநீர் குறைகிறது. ஆள் இருப்புக் கொள்ளாமல் புரள்கிறார். உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்! ரத்த அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். "டாக்டரை இப்பவே எழுப்பணும்" என்று சட்டெனத் தோன்றுவது, பக்கத்தில் ஒரு சீனியர் சிஸ்டர் நின்று சொல்லித் தந்தால்தான் வரும்.

அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை பேட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய புத்தகத்தில், ஒரு நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். 'தானே சமாளிப்பாள்' என்ற மூன்றாவது படிக்கு வர, ஒரே மாதிரியான வேலையில் இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பது அவர் கணிப்பு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் பலவும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அழுகிற மாசத்தில் முடிவு வேண்டாம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாமே நன்றாக இருக்கும். சில மாதம் போனதும், "படிச்சது ஒண்ணு, இங்க நடக்கிறது ஒண்ணு" என்று மனசு உடையும். மார்லீன் க்ரேமர் என்ற ஆய்வாளர் 1974-லேயே இதற்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்தார். இது பெரும்பாலும் தெளிந்துவிடும். இந்தச் சமயத்தில் ஊர் மாறினால், புது இடத்திலும் முதலில் இருந்து அதே அழுகைதான்!

ஆனால் ஒன்று. கற்றுத்தர ஆளில்லாமல் புதுப் பெண்ணைத் தனியாக நைட் டியூட்டியில் தள்ளுகிறார்களா? சம்பளம் ஒழுங்காக வரவில்லையா? அவமரியாதை, தொந்தரவா? அங்கே ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. உள்ளூரிலேயே வேறு நல்ல ஆஸ்பத்திரி பாருங்கள்.

கிளம்பலாமா... இதைக் கேளுங்கள்

* நைட் டியூட்டியில் நிலைமை மோசமாகும் நோயாளியை அவளாகவே கண்டுபிடிக்கிறாளா?

* சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்கிறாளா?

* ஐ.சி.யூ., பிரசவ வார்டு, தியேட்டர் என்று ஏதாவது ஒன்றில் கை பழகிவிட்டதா?

* மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் உண்டா?

நான்குக்கும் 'ஆமாம்' என்றால் பெட்டியை எடுக்கலாம்.

பேப்பர் வேலையில் அவசரம் கூடாது

பெங்களூரு, டெல்லி என்று போனாலும் அந்த மாநில கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்கான நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து என்றால் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே வருஷம்! படிப்பு முடிந்த சூட்டோடு எழுதிவிட்டு, அனுபவத்துக்காகக் காத்திருந்தால் தேர்வுக் கட்டணம் வீண். புறப்பட ஒரு வருஷம் இருக்கும்போது எழுதுவது புத்திசாலித்தனம். ஜெர்மனிக்கு பொதுவாக 'பி2' அளவு ஜெர்மன் மொழி வேண்டும். அதை வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம்.

சவூதி, குவைத் உள்பட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போக, குடியேற்ற அனுமதி அவசியம் என்று மத்திய அரசு 2015-ல் விதித்தது. விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்கிற ஏஜென்ட்டிடம் பேச்சே வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். விலகும்போது எந்த வார்டு, எத்தனை படுக்கை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிய அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் போய்விட்டாளே என்று தவிக்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்தும் விமானம் பறக்கத்தான் போகிறது. கைப்பழக்கத்தோடு போகிற பெண், கண் தெரியாத தேசத்திலும் தைரியமாக நிற்பாள். அவள் கையில் ஒப்படைக்கப்படும் உயிரும் பத்திரமாக இருக்கும்!