திரைக்கு அப்பால் இருக்கும் மாணவர்: இணையவழித் தேர்வும் சான்றிதழின் நம்பகமும்

சான்றிதழ் என்பது ஒரு சாட்சியம். இன்னார் இன்ன கலையைக் கற்றுத் தேர்ந்துள்ளார் என்று ஒரு கல்விக்கூடம் உலகோர் முன் அளிக்கும் சாட்சியம் அது. சாட்சி சொல்பவர் தாம் சொல்லும் செய்தியை அறிந்திருக்க வேண்டும் என்பது எல்லாச் சமுதாயங்களும் ஏற்றுக்கொண்ட விதியாகும். அவ்வாறாயின், மாணவரை ஒரு நாளேனும் கண்டிராத கல்விக்கூடம் அவரைப் பற்றி எவ்வாறு சாட்சியம் அளிக்கும்? தொலைநிலைக் கல்வி தோன்றிய நாள்முதல் இக்கேள்வி அதனை நிழலாகத் தொடர்ந்து வருகிறது.

சென்ற ஆண்டு இக்கேள்வி நம் வாசலுக்கே வந்தது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், ஹாபிழ். மத்ரஸாவில் ஸனது பெற்ற பின்னர், ஒரு கல்வி நிறுவனத்தில் தொலைநிலையில் பட்டப்படிப்பைத் தொடர்ந்து வந்தார். இறுதித் தேர்வுகளைத் தம் வீட்டிலேயே கணினி முன் அமர்ந்து எழுதினார். முடிவுகள் வந்தபோது ஒரு தாளின் முடிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டதற்குக் கண்காணிப்பு மென்பொருளின் அறிக்கையை அனுப்பினர். உதடுகள் தொடர்ந்து அசைந்தன. உடல் முன்னும் பின்னும் ஆடியது. பார்வை அடிக்கடி திரையை விட்டு விலகியது. ஆகவே நடத்தை ஐயத்துக்குரியது என்றிருந்தது அதில்.

மத்ரஸாவில் பயின்ற எவரும் இதைப் படித்தால் சிரித்து விடுவர். எட்டு வயது முதல் உதடசைத்து, உடலசைத்து மனனம் செய்த பிள்ளை வேறு எவ்வாறு சிந்திப்பார்? எனினும் அம்மாணவர் சிரிக்கும் நிலையில் இல்லை. பி.எட். சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்கிக் கொண்டிருந்தது.

அதே வாரத்தில் நம் கல்லூரியின் நிர்வாகக் குழு நம்மிடம் ஒரு கருத்துக் கேட்டது. நமது அஞ்சல்வழி அரபி வகுப்பில் சேர்ந்தோர் பல ஊர்களிலும் வளைகுடா நாடுகளிலும் பரவியுள்ளனர். அவர்களுக்கு இணையவழியில் தேர்வு நடத்த, அத்தகைய மென்பொருளொன்றை வாங்கலாமா என்பதே கேள்வி. இவ்விரண்டும் சேர்ந்து இப்பொருளை ஆராயுமாறு நம்மைத் தூண்டின.

கற்பது தொலைவில், தேர்வு நேரில்

இன்றைய தொலைநிலைக் கல்வியின் தொடக்கங்களுள் ஒன்றாக லண்டன் பல்கலைக்கழகத்தின் 1858-ஆம் ஆண்டுச் சாசனத்தைக் குறிப்பிடுவர். எங்கிருந்து கற்றாலும், எவ்வாறு கற்றாலும், தேர்வில் தேறியவர் பட்டம் பெறலாம் என்னும் வழியை அது திறந்தது. 1865-இல் மொரீஷியஸ் தீவில் அப்பல்கலைக்கழகத்தின் தேர்வு நடைபெற்றது. மாணவர் லண்டனுக்குச் செல்லவில்லை. தேர்வு கடல் கடந்து அவரிடம் வந்தது.

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இல் அதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் நிறுவப்பட்டன. இவை அனைத்திலும் வழக்கமாக இருந்த ஏற்பாடு ஒன்றே: பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். ஹால் டிக்கெட்டுடன் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்று, கண்காணிப்பாளர் முன் அமர்ந்து எழுத வேண்டும். கல்விக்கூடம் ஆண்டு முழுவதும் மாணவரைக் காணாவிடினும் அந்த மூன்று மணி நேரமேனும் அதன் சார்பில் ஒருவர் கண்டார். சாட்சியத்தின் அடிப்படை அம்மூன்று மணி நேரமே.

2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று அந்த அடிப்படையையே அகற்றி விட்டது. மையங்கள் மூடப்பட்டன. தேர்வு மாணவரின் படுக்கையறைக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே கண்காணிப்பாளரும் மென்பொருள் வடிவில் நுழைந்தார்.

மென்பொருள் காண்பதும் காணாததும்

இணையவழிக் கண்காணிப்பு மூன்று வகைப்படும். மனிதர் ஒருவர் தொலைவிலிருந்து மாணவர்களை நேரலையில் பார்த்துக் கொண்டிருப்பது முதல் வகை. தேர்வு முழுவதையும் ஒளிப்பதிவு செய்து பின்னர் ஒருவர் பார்ப்பது இரண்டாம் வகை. மனிதரின்றிச் செயற்கை நுண்ணறிவே பார்த்து ஐயக்குறி இடுவது மூன்றாம் வகை. செலவு குறைவு என்பதால் மூன்றாவதன்பால் பல நிறுவனங்கள் ஈர்க்கப்பட்டன.

தேர்வு தொடங்குமுன் மாணவர் தம் முகத்தையும் அடையாள அட்டையையும் வெப்கேம் முன் காட்டுகிறார். சில நிறுவனங்கள் அறை முழுவதையும் கேமராவால் சுற்றிக் காட்டுமாறு கேட்கின்றன. பின்னர் கணினியில் வேறு பக்கங்களைத் திறக்க முடியாதவாறு பூட்டு விழுகிறது. அதன் பின் முகம் சட்டத்துக்குள் உள்ளதா, கண் எங்கே செல்கிறது, வேறு குரல் கேட்கிறதா, இரண்டாவது முகம் தோன்றுகிறதா என்பவற்றை மென்பொருள் கணக்கிடுகிறது. வழக்கத்துக்கு மாறானது என்று தனக்குத் தோன்றும் இடங்களில் குறியிடுகிறது.

இங்கு ஒன்றை நன்கு கவனிக்க வேண்டும். மென்பொருள் ஏமாற்றுவதைக் காண்பதில்லை, அசைவைக் காண்கிறது. அசைவிலிருந்து ஏமாற்றுக்குச் செல்வது ஓர் ஊகம். அந்த ஊகம் எந்த அளவுக்குச் சரியானது?

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். தன்னார்வத்துடன் முன்வந்த 30 மாணவர்கள் கண்காணிப்பு மென்பொருளின் கீழ்த் தேர்வு எழுதினர். அவர்களுள் 6 பேரிடம் ஏமாற்றுமாறு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அந்த 6 பேரில் ஒருவரைக்கூட மென்பொருள் அடையாளம் காட்டவில்லை. பதிவுகளை மனிதர் ஒருவர் தனியே பார்த்தபோது ஒருவர் மட்டும் அகப்பட்டார். சோதனை சிறியதுதான், எனினும் அதன் முடிவு சிந்திக்கத்தக்கது. நம்மிடம் பயின்ற வேறொருவர், கணினித் திரைக்கு நேர் பின்னே சுவரில் குறிப்புத் தாள்களை ஒட்டி வைத்து எழுதியதைப் பின்னாளில் வெட்கத்துடன் நம்மிடம் ஒப்புக்கொண்டார். அவருடைய பார்வை திரையை விட்டு விலகவே இல்லை. அவருக்கு எந்தக் குறியும் விழவில்லை.

கண்காணிப்புச் சேவை நடத்திய நிறுவனங்களே இக்குறையை உணர்ந்தன. அமெரிக்காவின் ப்ராக்டர்யூ நிறுவனம், மனிதர் பங்கின்றிச் செயற்கை நுண்ணறிவு மட்டுமே கண்காணிக்கும் சேவையை இனி விற்பதில்லை என்று 2021-இல் அறிவித்தது.

நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2021-இல் தம் படுக்கையறையைக் கேமராவில் சுற்றிக் காட்டுமாறு பணிக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். அச்செயல் காரணமற்ற சோதனைக்கு எதிராக அந்நாட்டு அரசியல் சாசனம் அளிக்கும் பாதுகாப்பை மீறியது என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தாலியில் மிலான் நகரின் போக்கோனி பல்கலைக்கழகத்துக்கு, தேர்வுக் கண்காணிப்பில் மாணவர்களின் தனித் தகவல்களைக் கையாண்ட முறைக்காக 2021-இல் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2,00,000 யூரோ அபராதம் விதித்தது.

ஆம்ஸ்டர்டாமில் கறுப்பின மாணவி ஒருவர், மென்பொருள் தம் முகத்தைக் கண்டுகொள்வதற்காக விளக்கை முகத்தின் மீதே பாய்ச்சிக் கொண்டு தேர்வெழுத நேர்ந்தது என்று முறையிட்டார். பாகுபாடு நிகழ்ந்ததாகக் கருத இடமுண்டு என்று நெதர்லாந்தின் மனித உரிமை நிறுவனம் 2022 டிசம்பரில் கூறியது. மென்பொருளால் பாகுபாடு நிகழவில்லை என்று 2023-இல் முடிவு கூறிய அதே நிறுவனம், பல்கலைக்கழகம் அம்மாணவியின் முறையீட்டைக் கையாண்ட விதத்தைக் குறை கண்டது.

தமிழகத்துக்கும் இவ்வனுபவம் புதிதன்று. 2021-இன் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய இணையவழித் தேர்வுகளின் முடிவுகள் குறித்து மாணவர்களிடமிருந்து முறையீடுகள் குவிந்தன. மறுதேர்வு நடத்தப்படும் என்று அவ்வாண்டு மே மாதம் உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார்.

முஹத்திஸ்கள் சந்தித்த திரை

திரைக்கு அப்பால் இருப்பவர் யார் என்னும் வினா கணினியுடன் பிறந்ததன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் இதனை மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 643-இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் 'முகத்திமா'வில் ஹதீஸைப் பெறும் முறைகள் எட்டை வரிசைப்படுத்துகிறார். ஆசிரியர் வாயிலாக நேரில் கேட்பது அவற்றுள் முதலாவது. ஆசிரியர் தொலைவிலுள்ள மாணவருக்கு எழுதியனுப்பும் 'முகாதபா' ஐந்தாவது. அக்காலத்து அஞ்சல்வழிக் கல்வி என்றே அதனைச் சொல்லலாம். ஒருவர் கையெழுத்து மற்றவர் கையெழுத்தை ஒத்திருக்கக் கூடுமே என்ற ஐயத்தை எழுப்பியோரும் அன்றே இருந்தனர்.

திரைக்குப் பின்னிருந்து ஓதும் ஆசிரியரிடம் கேட்டதை அறிவிக்கலாமா என்பதும் விவாதிக்கப்பட்டது. ஹிஜ்ரி 160-இல் மறைந்த ஷுஅபா (ரஹ்) முகத்தைக் காணாமல் கேட்டதை அறிவிக்கக் கூடாது என்று கண்டித்துரைத்தார். ஷைத்தான் உருமாறி வந்திருக்கலாமே என்பது அவருடைய அச்சம். பெரும்பான்மையோர் அதனை ஏற்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் திரைக்கு இப்பாலிருந்து கேட்டோர் குரலை நம்பி அறிவித்ததை அவர்கள் சான்றாகக் காட்டினர். குரலை அறிந்திருக்க வேண்டும்; அல்லது அவர்தாம் பேசுகிறார் என்று நம்பத்தக்க ஒருவர் தெரிவிக்க வேண்டும். இதுவே அவர்கள் கண்ட வழி.

அங்கே மாணவர் ஆசிரியரை உறுதி செய்தார். இங்கே ஆசிரியர் மாணவரை உறுதி செய்ய வேண்டியுள்ளது. திசை வேறாயினும் தத்துவம் ஒன்றே. திரையை அகற்றுமாறு அப்பெரியோர்கள் கட்டாயப்படுத்தவில்லை. முன்பே உள்ள அறிமுகத்தையும், நம்பத்தக்க மனிதரின் சொல்லையும் கொண்டு திரையைக் கடந்தனர்.

தேர்வின் அமைப்பைப் பற்றியும் அவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. இமாம் புகாரி (ரஹ்) பக்தாதுக்கு வந்தபோது அங்குள்ளோர் 100 ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கோத்து, 10 பேர் வாயிலாகக் கேட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இமாமவர்கள் ஒவ்வொன்றுக்கும் அறியேன் என்றார்கள். பின்னர் முதலாமவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் சொன்னதை எடுத்துரைத்து, அதன் சரியான வரிசையையும் அமைத்துக் காட்டினார்கள். அச்சபையில் கண்காணிப்பாளர் தேவைப்படவில்லை. அருகிலிருந்து எவரும் காதில் ஓதி உதவக்கூடிய விடையன்று அது. கேள்வியே காவலாக நின்றது.

கேள்வியே காவல்

பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக உள்ளதை அப்படியே கேட்டால், அந்த வரியை மாணவரிடமிருந்து மறைத்து வைக்கக் காவலர் வேண்டும். காவலருக்குக் கேமராவும் பூட்டும் வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின் அத்தகைய கேள்விகளின் மதிப்பு மேலும் குறைந்து விட்டது. வீட்டில் எழுதும் கட்டுரையும் அந்த ஐயத்துக்கு உள்ளாகி விட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறிவதற்கென்று ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கருவி, போதிய துல்லியம் இல்லாமையால் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு கருவியின் தீங்கை மற்றொரு கருவியால் முற்றிலும் நீக்கி விடலாம் என்பது இதுவரை மெய்ப்படவில்லை.

ஏமாற்றுவோரை விட்டு விடலாம் என்பது நம் கருத்தன்று. தகுதியற்றவர் கையில் உள்ள சான்றிதழ், தகுதியுடையவர் கையில் உள்ளதன் மதிப்பையும் குறைக்கிறது. ஆயினும் ஐயம் வேறு, நிரூபணம் வேறு. மென்பொருளின் குறி ஐயம் மட்டுமே. ஒரு மனிதர் பதிவைப் பார்த்து, மாணவரின் விளக்கத்தையும் கேட்ட பின்னரே அதன்மீது முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கால வரம்பும் வேண்டும். தாமதமாகக் கிடைத்த நியாயம் நம் மாணவருக்கு என்ன செய்தது என்பதைப் பின்னே சொல்வோம்.

நிர்வாகக் குழுவுக்கு நாம் அளித்த கருத்து இது. மென்பொருள் வேண்டாம். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம் என்று எழுத்துத் தேர்வை அமைப்போம். மாணவர் கண்டிராத ஒரு பத்தியைத் தந்து, சொற்களின் இலக்கண நிலையையும் பொருளையும் விளக்கச் சொல்வோம். அதன் பின் ஒவ்வொருவருடனும் 10 நிமிடம் காணொலியில் உரையாடி, அவர் எழுதியதைப் பற்றியே கேட்போம். தாம் எழுதாததைப் பற்றி எவராலும் நெடுநேரம் பேச இயலாது. ஆண்டு முழுவதும் பாடம் கேட்ட உஸ்தாதே அவ்வுரையாடலை நடத்த வேண்டும். ஏனெனில் அம்மாணவரின் குரலை அறிந்தவர் அவரே.

இதற்குச் செலவு இல்லாமலில்லை. 80 மாணவர்களுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் தேவை. மூன்று உஸ்தாதுகள் ஒரு வாரம் மாலை வேளைகளை இதற்கு ஒதுக்கினர். குறைகளும் தெரிந்தன. பேசக் கூச்சப்படுவோர் நன்கு அறிந்ததையும் தடுமாறிச் சொன்னார்கள். அவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு அளிக்க வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேருக்குத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்கள் இவ்வழியை அப்படியே பின்பற்ற இயலாது என்பதையும் அறிவோம். அவர்களுக்குத் தேர்வு மையம் என்னும் பழைய வழி இருக்கவே செய்கிறது.

நம் மாணவருக்காக அந்நிறுவனத்துக்கு நாமும் ஒரு கடிதம் எழுதினோம். ஹாபிழ்கள் மனனம் செய்யும் முறையை விளக்கி, ஒளிப்பதிவை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். இரண்டு மாதங்களுக்குப் பின் முடிவு வெளியிடப்பட்டது. நல்ல மதிப்பெண்ணுடன் தேறியிருந்தார். அதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்து விட்டிருந்தது. ஓராண்டு போயிற்று. இப்போது நம் அஞ்சல்வழி வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்துவதில் அவர் நமக்கு உதவி வருகிறார். உதடசைத்துப் படித்துக் கொண்டேதான் திருத்துகிறார்.