உங்களுக்குத் தெரியுமா? கோர்ட்டுக்குள் நுழைய முடியாத சாட்சியங்கள்

● 'போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்' என்று மாலைப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும் செய்தி, வழக்கு பூந்தமல்லி கோர்ட்டில் விசாரணைக்கு வரும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடும், தெரியுமா? போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. கேட்டவர் ஏட்டாக இருந்தாலும் டி.ஜி.பி.யாக இருந்தாலும் விதி ஒன்றுதான். போலீஸ் காவலில் இருக்கும்போது மூன்றாம் மனிதரிடம் சொன்னதும் செல்லாது. காவலில் இருப்பவர் மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னது மட்டுமே செல்லும். கழிவறையில் வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு நிற்பவர்களின் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இப்படி ஒரு விதி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

● அந்த விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. 'அரிவாளை ஏரிக்கரை முள்புதரில் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்' என்று பிடிபட்டவர் சொல்லி, அது அங்கே கிடைத்தால், அந்த வாக்கியம் மட்டும் உள்ளே வரும். 'அதால்தான் வெட்டினேன்' என்ற அடுத்த வாக்கியம் வராது. எதுவரை வெட்டி எடுப்பது என்பதற்கு இன்றைக்கும் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, பழைய சென்னை மாகாணத்து வழக்கில் பிறந்தது: புலுக்குரி கோட்டையா வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில், 1946. ஈட்டியையும் கம்பையும் ஒருவரின் வைக்கோல் போரில் ஒளித்து வைத்ததாக அதில் ஒருவர் சொல்லியிருந்தார். ஒளித்த இடமும், அது அவருக்குத் தெரியும் என்பதும்தான் 'கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி'. கொலை செய்த கதை அதில் சேராது என்றார்கள் நீதிபதிகள்.

● தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் குற்றவாளி எதற்காக வி.ஏ.ஓ.வை (கிராம நிர்வாக அலுவலரை) தேடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார் என்று யோசித்ததுண்டா? வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை. அவ்வளவுதான் ரகசியம். கிராம மாஜிஸ்திரேட்டுகள் ஒப்புதல் வாக்குமூலம் எழுதக் கூடாது என்று மெட்ராஸ் குற்றவியல் நடைமுறை விதிகளில் பழைய தடை ஒன்று இருந்தது. வி.ஏ.ஓ. அந்த வகையில் வரமாட்டார், அவரிடம் சொன்னதை ஏற்கலாம் என்று சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் முன்பின் அறியாத ஓர் அலுவலரிடம் ஒருவர் வலியப் போய் மனசைத் திறந்தார் என்பதை நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

● போலீஸ் விசாரிக்கும்போது சாட்சி சொன்னதை எழுதிக்கொள்வார்கள். அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். புகார் மனுவில் கையெழுத்து வேண்டும். விசாரணையில் சொன்னதில் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

● பூந்தமல்லி என்றால் பலருக்கு மல்லிகைப் பூவும் பைபாஸும் ஞாபகம் வரும். சட்டம் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கோர்ட். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், அரசுத் தரப்பில் மட்டும் 288 சாட்சிகளை விசாரித்த பிறகு, 1998 ஜனவரி 28-ல் நீதிபதி வி. நவநீதம் தீர்ப்பளித்தார். கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு. அந்தத் தீர்ப்பைத் தாங்கிய தூண்களில் முக்கியமானவை, 17 பேர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலங்கள்.

போலீஸிடம் சொன்னது செல்லாது என்றோமே? தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்தத் தடையை நீக்கியிருந்தது. எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் போதும். 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது என்பதுதான் இன்னும் வியப்பு. இது தடா குற்றமே ஆகாது என்று அந்தச் சட்டத்தின் கீழான தண்டனைகளை ரத்து செய்தது. 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் தடா வழியாக உள்ளே வந்த வாக்குமூலங்களைக் கொலைச் சதிக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்றது. சட்டம் பொருந்தாது, அது திறந்துவிட்ட கதவு மட்டும் பொருந்தும்! ஒருவரின் வாக்குமூலம் கூட இருந்த இன்னொருவருக்கு எதிராக எவ்வளவு எடை பெறும் என்பதில், மூன்று நீதிபதிகளில் கே.டி. தாமஸ் மற்ற இருவரோடு உடன்படவில்லை.

நால்வருக்குத் தூக்கு உறுதியானது. அவர்களில் ஒருவர் பேரறிவாளன். 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், 2013-ல் வெளிப்படையாக ஒன்று சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தைக் கோர்ட்டுக்குள் ஏன் விடக் கூடாது என்பதற்கு இதைவிட ஒரு பாடம் வேண்டாம். பேரறிவாளன் 2022 மே 18-ல்தான் விடுதலையானார்.

● அதே வழக்கில் யாரும் குறை சொல்ல முடியாத சாட்சி ஒன்றும் இருந்தது. சம்பவ இடத்தில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா. உள்ளே இருந்த பிலிமில் பத்துப் படங்கள். மாலையோடு நிற்கும் பெண் யார், பக்கத்தில் யார் என்ற விசாரணையே அதிலிருந்துதான் தொடங்கியது. இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்று தடயங்களை வைத்துச் சொன்னவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன்.

● தடா 1995-ல் காலாவதியானது. 2002-ல் அதே வகைச் சட்டமான பொடா வந்தது. வைகோ மீதான பொடா வழக்கும் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில்தான் நடந்தது. பொடாவும் போலீஸ் வாக்குமூலத்தை அனுமதித்தது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் வாக்குமூலம் கொடுத்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தது. 2004-ல் அதுவும் போனது.

● கடல் தாண்டியும் இதே கதை. நம் ஊரின் 1872 சாட்சியச் சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா. சொந்த நாடான இங்கிலாந்தில் சாட்சியச் சட்டம் முழுவதையும் ஒரே நூலாகச் சட்டமாக்க அவரால் முடியவில்லை. இந்தியாவுக்கு எழுதியதே சிறு மாற்றங்களோடு 1895-ல் இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஆனது. அங்கேயும் போலீஸிடம் சொன்ன ஒப்புதலுக்குத் தடை உண்டு. அங்கேயும் 1979-ன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை உடைத்தது: உதவிப் போலீஸ் அத்தியட்சகர் நிலை அதிகாரியிடம் சொன்னால் செல்லும், மிரட்டி வாங்கினார்கள் என்றால் அதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். இந்தச் சுமை தவறு என்று சிங்கராசா வழக்கில் ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ல் சொன்னது.

● அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தீக்காயம் என்றால் ஆம்புலன்ஸ் போவது பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு. அங்கே மாஜிஸ்திரேட் வந்து பதிவு செய்வதுதான் மரண வாக்குமூலம். சத்தியப்பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணைக்கு வழியில்லை. ஆனாலும் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம். போலீஸையும் உறவினரையும் வெளியே அனுப்பிவிட்டு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு, நோயாளியின் சொற்களிலேயே எழுதுவது முறை. டாக்டர் சான்று இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது என்று 2002-ல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேசக்கூட வேண்டாம்: கழுத்து அறுபட்ட பெண் கையசைத்துச் சொன்னதை 1885-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏற்றது. வாக்குமூலம் கொடுத்தவர் பிழைத்துவிட்டால்? அது மரண வாக்குமூலம் ஆகாது. அவரே வந்து கூண்டில் ஏற வேண்டும்.

● எத்தனை சாட்சி வேண்டும்? ஒருவர் போதும். முத்துப்பேட்டைக் கொலை ஒன்றில் இறந்தவரின் மனைவி ஒருவரின் சொல்லை நம்பியே தண்டனை உறுதியானது (வடிவேலு தேவர் வழக்கு, 1957). தலைகளை எண்ணாதே, எடை போடு என்பது அதன் சாரம். சாட்சிக்குக் குறைந்தபட்ச வயதும் கிடையாது. கேள்வியைப் புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் குழந்தையும் சாட்சிதான்.

● அசலா, நகலா என்ற சண்டை நமக்குப் புதிதல்ல. திருமணப் பந்தலில் சுந்தரரைத் தன் அடிமை என்ற முதியவரின் ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டார். 'கிழித்தது படி ஓலை. மூல ஓலை என்னிடம்' என்றார் முதியவர், திருவெண்ணெய்நல்லூர் சபையில். சபையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. வழக்காடியவர் சிவபெருமானே என்றாலும் ஒப்பிடாமல் விடவில்லை!

● இன்றைய படி ஓலை, பென் டிரைவ். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வாசலில் பதிவான சி.சி.டி.வி. காட்சியை நகலெடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, சான்றிதழ் வேண்டும். 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2024-ல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதி: கொடுப்பவர் ஒன்று, நிபுணர் ஒன்று, கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் எழுத வேண்டும், பிறகு ஒரு நொடிக் காட்சியை மாற்றினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். அசல் கருவியையே கொண்டுவந்து உரிமையாளர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. கடைக்காரர்களே, டி.வி.ஆர். சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். தெருவில் ஏதாவது நடந்தால் அன்றைக்கே எடுத்து வையுங்கள்.

● வாரண்ட் இல்லாமல் வீட்டில் புகுந்து எடுத்த பொருளை அமெரிக்காவின் மாநில கோர்ட்டுகளும் 1961 முதல் ஏற்பதில்லை. நம் ஊரில் அப்படியல்ல: எடுத்த முறை தவறானாலும் பொருள் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் ஏற்கலாம் என்பதே 1973-ன் பூரன்மல் தீர்ப்பு. ஆனால் 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அதற்குப் பன்னிரண்டாம் நாள், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தாலும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அரசு ஒட்டுக்கேட்டால் ஒரு நியாயம், வீட்டுக்குள் கேட்டால் வேறொன்று. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை.

● 2024 ஜூலை 1-ல் பாரதிய சாட்சிய அதினியம் வந்ததோடு பழைய சட்டம் ஓய்ந்துவிடவில்லை. அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணைகள் 1872 சட்டப்படியே தொடர்கின்றன. அதனால் ஒரே கோர்ட்டில் ஒரே நாளில் இரண்டு சட்டமும் ஓடுகின்றன. பழைய 25, 26, 27 மூன்றும் சேர்ந்து புதிதில் 23. மரண வாக்குமூலத்தின் 32 இப்போது 26. மின்னணுச் சான்றிதழின் 65-பி இப்போது 63.