மார்பகப் புற்றுநோய்: அங்கே 62, இங்கே 50. ஏன் இந்த வேறுபாடு?

"அமெரிக்காவில் வயதான பின் வருகிற மார்பகப் புற்றுநோய், நம் நாட்டில் இளம் பெண்களுக்கே வந்துவிடுகிறது" என்ற பேச்சு நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. இது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்படும் பெண்களின் நடு வயது 62. அதாவது பாதிப் பேர் அதற்குக் கீழ், பாதிப் பேர் அதற்கு மேல். இந்தியாவிலோ நோயாளிகளின் சராசரி வயது 50-ஐ ஒட்டியே இருக்கிறது. பத்தாண்டுக்கும் மேலான இந்த இடைவெளியைப் பார்த்ததும் நம் பெண்களின் உடல்வாகுதான் காரணம், பிராய்லர் கோழிதான் காரணம் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிவிடுகிறோம்.

இரண்டு கல்யாண மண்டபங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பெரும்பாலும் இளைஞர்கள், மற்றதில் பெரும்பாலும் முதியவர்கள். இரண்டிலும் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களின் சராசரி வயதைக் கணக்கிட்டால் முதல் மண்டபத்தில் அது குறைவாகத்தான் வரும். அதனால் அந்த இளைஞர்களின் கண்கள் பழுதானவை என்றாகிவிடாது. அங்கே முதியவர்கள் குறைவு, அவ்வளவுதான். இந்திய மக்களின் நடு வயது சுமார் 28, அமெரிக்காவில் சுமார் 38. வயதுவாரியாக லட்சம் பெண்களில் எத்தனை பேர் என்று பார்த்தால், நாற்பதுகளில் உள்ள இந்தியப் பெண்ணைவிட அதே வயது அமெரிக்கப் பெண்ணுக்கே இந்நோய் வருவது அதிகம்.

அப்படியானால் நிம்மதியாக இருந்துவிடலாமா? முடியாது. 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் புதிய நோயாளிகள் சுமார் 2 லட்சத்து 74 ஆயிரம், இறப்பு சுமார் 43 ஆயிரம். இந்தியாவில் நோயாளிகள் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம்தான். இறப்போ சுமார் 98 ஆயிரம். நோய் குறைவாக உள்ள நாட்டில் மரணம் இரு மடங்குக்கும் மேல்!

இதற்கு முக்கியக் காரணம் தாமதம். அங்கே மேமோகிராம் பரிசோதனையில் கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே பலருக்குத் தெரிந்துவிடுகிறது. 40 வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதைச் செய்துகொள்ளும்படி அங்குள்ள நிபுணர் குழு 2024-இல் பரிந்துரைத்தது. இங்கே கட்டி பெரிதாகி, அக்குளுக்குப் பரவிய பிறகே பலர் வருகிறார்கள். வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஏமாற்றம்; ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தோல் குழிவிழுதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவையும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்.

மேமோகிராம் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் கைப் பரிசோதனைக்கும் பலன் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. நம் அரசுத் திட்டத்திலும் 30 வயது முதல் இந்தப் பரிசோதனை உண்டு.

வெட்கத்தால் தள்ளிப்போடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். கணவரோ மகளோ உடன் இருக்கலாம்.