களைப்புக்கு மருந்து கார்னிட்டினா?

ஆர்டர் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டால், திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில் ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிடுகிறது. காலை எட்டரைக்குப் பவர் டேபிளில் அமரும் பெண் இரவு எட்டரைக்குத்தான் எழுகிறாள். வீடு திரும்பி, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறிட்டுக் கண்ணயரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். இத்தகைய உடலில் களைப்பு குடிகொள்வதில் வியப்பென்ன?

அக்களைப்பையே முதலாகக் கொண்டு ஒரு வாணிபமும் நடைபெறுகிறது. ‘எல்-கார்னிட்டின்’ எனும் பெயர் தாங்கிய குப்பிகள் மருந்துக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படுகின்றன. சக்தி பெருகுமாம், கொழுப்பு கரையுமாம், முதுமையும் தள்ளிப்போகுமாம்! சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு பங்கை இதற்கென எடுத்து வைக்குமுன், இப்பொருள் யாதென நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

1905-ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் இருவர் இறைச்சிச் சாற்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகக் கற்ற நம் முதியோர், அதன் இறுதியில் ‘கார்னிஸ்’ எனும் சொல்லை ஓதியிருப்பர். சதை, இறைச்சி எனும் பொருள் தரும் அச்சொல்லே கார்னிட்டின் எனும் பெயருக்கு வேர்.

நம் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணிய உலைகள் உள்ளன. கொழுப்பு அங்கே எரிந்தால்தான் சக்தியாகும். ஆனால் நீண்ட சங்கிலியாய் அமைந்த கொழுப்பு அமிலம் தானாக உள்ளே நுழைய இயலாது. அதனைச் சுமந்து சென்று உள்ளே சேர்ப்பதே கார்னிட்டினின் பணி. பஞ்சாலை வாசலில் பொதி இறக்கும் சுமைதூக்குவோரைப் போன்றது அது. போதுமான ஆட்கள் ஏற்கெனவே இருக்க, மேலும் நூறு பேரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், உள்ளே நூல் அதிகமாக நூற்கப்படுமா? நல்ல உடல்நலமுள்ளோர்க்கு இம்மாத்திரையால் ஓட்டமும் உழைப்பும் கூடுமென்று, பல்லாண்டு ஆராய்ந்தும் உறுதியான சான்று கிட்டவில்லை.

நம் ஈரலும் சிறுநீரகமும் லைசின், மெத்தியோனின் எனும் புரதக் கூறுகளிலிருந்து கார்னிட்டினை நாள்தோறும் ஆக்கிக்கொள்கின்றன. உணவில் குறைந்தால், சிறுநீரகம் அதனை வெளியேவிடாமல் காத்துக்கொள்கிறது. ஆகவே தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவதால் பலம் குன்றிவிடுமோ என எவரும் அஞ்ச வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் புலால் உண்ணாதோர்க்கும் இது பொதுவாகப் போதிய அளவு உடலிலேயே உண்டாகிறது.

முதுமையைப் பற்றிய பேச்சுக்கு ஓரளவு அடிப்படை உண்டு; அதை மறுப்பது நேர்மையாகாது. 2002-இல் கலிபோர்னியாவில் கிழ எலிகளுக்கு அசிட்டைல் கார்னிட்டினையும் லிப்போயிக் அமிலத்தையும் கொடுத்தபோது அவை சுறுசுறுப்படைந்தன. 2007-இல் இத்தாலியில் நூறு வயதை எட்டிய 66 பேரை வைத்து நடத்திய சோதனையில், நாளொன்றுக்கு 2 கிராம் கார்னிட்டின் பெற்றோரின் களைப்பு குறைந்தது. எனினும் எலியின் கணக்கையும், நூறு வயது மூதாட்டியின் கணக்கையும் முப்பது வயதுத் தொழிலாளியின் மேல் ஏற்றுவது முறையன்று. பிறவியிலேயே இக்குறையுள்ள குழந்தைகளுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் சிலருக்கும் மருத்துவரே இதனைக் கொடுக்கிறார். இதன் உண்மையான பயன் அங்கேதான்.

தீங்கும் உண்டு. நாளுக்கு 3 கிராம் அளவில் உட்கொண்டால் குமட்டலும், வயிற்றுப்போக்கும், உடலில் மீன் வாடையும் தோன்றலாம். வலிப்பு நோயுள்ளோர்க்கு வலிப்பு மிகக்கூடும். தைராய்டு மாத்திரை உண்போர்க்கு அதன் பயன் குறையலாம். குடலிலுள்ள கிருமிகள் கார்னிட்டினை மாற்றி உண்டாக்கும் ஒரு பொருள், இரத்தக் குழாய் நோயோடு தொடர்புடையதென 2013-இல் வெளியான ஆய்வொன்று ஐயம் கிளப்பியுள்ளது.

அப்படியாயின் நம் இல்லத்தரசியின் களைப்புக்குக் காரணம் யாது? உறக்கக் குறைவு ஒருபுறமிருக்க, இரத்தசோகையைத்தான் முதலில் ஐயுற வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உள்ளது. உடல் தானாகவே கார்னிட்டினை ஆக்கிக்கொள்வதற்கும் இரும்புச்சத்து தேவை என்பது கவனிக்கத்தக்கது. வேர் வாடியிருக்க இலைக்கு நீர் தெளித்துப் பயனென்ன?

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுவோர், அம்மருந்தகத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். மற்றையோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழிருந்தால் அது இரத்தசோகை. உணவில் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் இருக்கட்டும். உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உண்டவுடன் டீ குடிப்பது அதனைத் தடுக்கும்; ஒரு மணி நேரமாவது கழியட்டும். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தெம்பு வந்ததும் நிறுத்திவிடாமல், அவர் சொல்லும் மாதக்கணக்கு முடியும்வரை உண்ண வேண்டும். அந்நாட்களில் மலம் கறுத்துப்போவது இயல்பே. அதற்கு அஞ்சிப் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர்.