‘மழலை’யை ‘மரரை’ என்று பாடிய கணினி

சென்ற ஆண்டு படிவம் நான்கு மாணவர் ஒருவர், கணினி பாடிய தமிழ்ப் பாட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். வரிகள் அவரே எழுதியவை. மெட்டும் நல்லாவே இருந்தது. ஆனால் ‘மழலை’ என்ற சொல் ‘மரரை’ என்று ஒலித்தது. வகுப்பே சிரித்தது, அவர் முகம் சுருங்கிப் போச்சு.

தப்பு அவருடையது இல்லை. அவர் பயன்படுத்தியது ஜப்பானியக் குரல். யமாஹா நிறுவனத்தின் வோகலாய்ட் மென்பொருள் 2004இல் வந்தது. 2007இல் வெளியான ஹாட்சுனே மிகு, சாகி ஃபுஜிதா என்னும் நடிகையின் குரல் துண்டுகளால் ஆனது. ஜப்பானிய மொழியில் ர, ல, ள, ழ வேறுபாடு கிடையாது. இல்லாத ஒலியை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்?

அதனால் நம் குரலையே பதிவு செய்வதுதான் வழி. 2008இல் வந்த உட்டாவ் என்ற இலவச மென்பொருள் இதற்கு இடம் தருகிறது. ஒரே சுருதியில் க, கா, கி என்று தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வோர் ஒலிக்கோப்பிலும் நீளாத பகுதி எது, நீளும் பகுதி எது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். ‘கா’வில் க் நீளாது, ஆ நீளும். சுரத்தையும் கால அளவையும் கொடுத்தால் மென்பொருள் துண்டுகளை ஒட்டிப் பாடும்.

இந்த இடத்தில் இலக்கணப் பாடம் தானாக வந்துவிடும், பாருங்க. ஒற்றளபெடையில் நீளும் எழுத்துகளாக நன்னூல் ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள், ஆய்தம் ஆகியவற்றைச் சொல்கிறது. வல்லினம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று மாணவர்கள் கேட்டால், ‘அம்’, ‘அக்’ இரண்டையும் நீட்டிப் பாடச் சொல்லுங்க. க் சொல்லும்போது மூச்சே அடைபட்டுவிடுமே!

216 உயிர்மெய்யையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எடுத்த பாட்டுக்குத் தேவையானது போதும். ஆனால் எழுத்தை எண்ணாமல் ஒலியை எண்ணுங்கள். ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. ‘பக்கம்’ என்பதில் இரண்டு ககரத்துக்கும் நடுவே சிறு மௌனம் விட வேண்டும். சொல் முடிவுக்கு அல், அள், அழ் எனத் தனிப் பதிவு தேவை. ஐகாரத்தில் கவனம்: ‘லை’யின் கடைசிப் பகுதியை நீட்டினால் ‘லஇஇ’ என்று இழுக்கும். அகரச் சாயல் உள்ள முன்பகுதியை நீட்டுங்கள்.

மாணவர் குரலைப் பதிவு செய்யும் முன் அவரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள். அந்தக் கோப்புகள் கைமாறினால், அவர் பாடாத பாட்டையும் அவர் குரலில் பாட வைக்கலாம்.

நம்ம மாணவர் ‘ழ’ ஒன்றை மட்டும் ஒரு மதியம் முழுக்கப் பதிவு செய்தார். முதலில் வந்ததெல்லாம் ‘ள’ தான். அதுவரை அவர் பேச்சிலும் அப்படித்தான் இருந்ததாம்.