பூவும் ஒளியும்

பூ என்றதும் யாழ்ப்பாணத்தவர்க்கு நினைவில் எழுவன கோயிலும் கூந்தலுமே. வேலியோரத்துச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் விடியலிற் கொய்யப்பெற்று, பூசைக்குச் சென்று, அந்திக்குள் வாடிவிடுகின்றன. அவற்றைச் சாடியில் இட்டு, அதனையே பொருளாகக் கொண்டு படம் தீட்டுவது மேல்நாட்டார் வழக்கம். பழமும் பாத்திரமும் பூவும் போன்ற அசையாப் பொருள்களை வரையும் இவ்வகையினை நிலைப்பொருள் ஓவியம் என்பர்.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்த ஓவியர் இத்துறையிற் பெரும்புகழ் பெற்றனர். வெவ்வேறு பருவங்களிற் பூக்கும் மலர்களையும் அவர்கள் ஒரே சாடியில் ஒன்றுசேர்த்து வரைந்தனர். இதழின் நரம்பும் பனித்துளியும் தெளிவாய்த் தெரியும். ஆயினும் அத்தகைய பூங்கொத்து எந்த வீட்டு மேசைமீதும் ஒருநாளும் இருந்ததில்லை.

1874ஆம் ஆண்டு பாரிசு நகரில் மொனே, றெனுவார், பிசாறோ, டெகா முதலியோர் தனியே ஒரு கண்காட்சி நடத்தினர். மொனே தம் படமொன்றுக்குச் சூரியோதயத்தின் மனப்பதிவு என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தார். அதனைப் பற்றி ஒரு விமரிசகர் எள்ளிய சொல்லே மனப்பதிவு ஓவியம் என்று இயக்கத்தின் பெயராய் நிலைத்தது.

இவ்வோவியர் பொருளை மட்டுமன்று, அதன்மேல் விழும் ஒளியினையும் வரைய முயன்றனர். நிழல் கருமை என்னும் கொள்கையை அவர்கள் ஏற்கவில்லை. சுண்ணாம்பு பூசிய வெண்சுவரருகே, காலை வெயிலில், ஒரு செம்பிலே செவ்வரத்தையை வைத்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். சுவரில் விழும் நிழல் வானத்தின் ஒளியால் நீலச்சாயல் கொள்கிறது. பூவின் செம்மை சிறிது சுவரிலும் படிகிறது. இலையின் பச்சை அருகிருப்பதால் செந்நிறம் மேலும் ஒளிர்கிறது. இவற்றை வரைய அவர்கள் வண்ணங்களைக் குழைத்து மழுப்பாமல், சிறுசிறு தீற்றல்களாய் அருகருகே வைத்தனர். கிட்ட நின்றால் தீற்றல். எட்ட நின்றால் பூ. ஒளி மாறுமுன், இதழ் வாடுமுன் படம் முடியவேண்டும் என்பதனால், விரைவே இம்முறைக்கு இயல்பாயிற்று.

இதன் உருக்கமான சான்று எடுவார் மனேயின் இறுதிப் படங்கள். மனப்பதிவு ஓவியரின் கண்காட்சிகளில் அவர் கலந்துகொள்ளவில்லை. எனினும் அவர்கள் அவரையே முன்னோடியாய் மதித்தனர். நோயுற்று, நெடுநேரம் நிற்க மாட்டாத நிலையில், 1882, 1883ஆம் ஆண்டுகளில் நண்பர்கள் கொண்டுவந்த மலர்களை அவர் சிறு படங்களாய்த் தீட்டினார். கண்ணாடிச் சாடியின் நீரில் காம்புகள் முறிந்ததுபோலத் தோன்றுவதனைச் சில தீற்றல்களிற் காட்டினார். 1883 ஏப்ரல் 30ஆம் நாள், 51ஆம் வயதில் அவர் மறைந்தார். ஒருநாட் பூக்களை, தம் நாட்கள் எண்ணப்பட்டிருந்த ஒருவர் வரைந்தார். அவற்றுள் ஒன்று இன்றும் பாரிசின் ஓர்சே அரும்பொருளகத்தில் உள்ளது.

பாரிசில் எழுந்த இப்புதுப்பார்வை யாழ்ப்பாணத்தையும் எட்டியது. 1920களில் இலங்கையில் ஓவியக்கல்வி அதிகாரியாய் விளங்கிய சாள்ஸ் பிறீகுறோவ் வின்சர், புதிய பிரெஞ்சு ஓவியநெறியை இந்நாட்டார்க்கு அறிமுகம் செய்தோருள் முதன்மையானவர். அவர் பெயரால் 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். பின்வந்த அ. மாற்கு, நவீன ஓவியத்தை இளைஞர்க்குப் பயிற்றிய ஆசிரியர். 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின்போது அவர் தம் ஓவியங்கள் பலவற்றை இழந்தார்; 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

பூ வாடுவது இயற்கை. வாடுமுன் அதனைக் கண்ட கண்ணின் களிப்பை நிலைநிறுத்தவே ஓவியம் பிறந்தது. அவ்வோவியமும் காப்பாரின்றி அழியுமாயின் இழப்பு இருமடங்காகும். ஆதலின் வீட்டுச் சுவரிலோ பாடசாலை அறையிலோ தொங்கும் பழைய படமொன்றனைத் தூசிதட்டி, வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் பின்புறத்தே குறித்து வைப்பதும் கலைத்தொண்டேயாகும்.