நாற்றுக்கு வீடா, அடுப்பா?

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது மிளகாயும் கத்தரியும் தோட்டத்தில் நிற்க வேண்டுமானால், நாற்று கார்த்திகையிலேயே முளைத்திருக்க வேண்டும். வன்னியில் மழை கொட்டுவதும் அதே காலத்தில்தான். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், திறந்த மேடையில் ஒரு பெருமழை விழுந்தாலே விதை மண்ணோடு போய்விடும். திரும்ப விதைத்தால் பயிர் பிந்தும். பிந்திய பயிர் சித்திரை வெயிலில் கிணற்றை நம்பி நிற்கும். ஆகவே நாற்றுக்கு ஒரு கூரை தேவை.

கூரை என்றதும் பலருக்கு வெளிநாட்டுப் படங்களில் காணும் கண்ணாடி வீடுதான் நினைவுக்கு வருகிறது. அது குளிர்நாட்டில் வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்காக அமைந்தது. மிளகாய், தக்காளி விதைகள் நன்றாக முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் போதும். அந்த வெப்பம் எமது மண்ணில் மாரியிலும் காசில்லாமல் கிடைக்கிறது. எமக்கு வேண்டியவை மழையை மறிக்கும் கூரையும் காற்றோடும் பக்கங்களுமே.

இதை நாம் நட்டப்பட்டே கற்றோம். ஒரு கிராமத்தில் தாய்மார் தமது சிறுசேமிப்புப் பணத்தில் விதை வாங்கியிருந்தார்கள். நாம் சொன்னபடி நான்கு பக்கமும் பொலித்தீன் கட்டினார்கள். மழை விட்டு மூன்று நாள் வெயில் எறித்தது. நாலாம் நாள் காலையில் நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன. பாதர் வீடு கட்டச் சொன்னார், நாங்கள் அடுப்பைக் கட்டிவிட்டோம் என்று ஒரு தாய் சிரித்தபடி சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் நீளம், ஒரு சாண் உயரமாக மேடை போடுங்கள். கூரையை ஒரு பக்கம் சரிவாக, இடுப்பளவுக்கு மேலே கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். சாரல் அடிக்கும் வேளையில் மட்டும் அந்தப் பக்கம் கிடுகு சாத்தலாம்.

நாற்றழுகலுக்குக் காரணம் மண்ணிலுள்ள பூஞ்சணம். ஈரமும் நெருக்கமும் புழுக்கமும் சேர்ந்தால் அது பெருகும். ஆவணி, புரட்டாதி வெயிலில் மேடையை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் இறுக மூடி மூன்று நான்கு வாரம் விட்டால் பெரும்பகுதி வெந்து மடியும். நாற்றைக் கொன்ற அதே சூடு இங்கே எமக்கு வேலை செய்கிறது! அது தவறினால் மேடைமேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரியுங்கள்.

நாலு விரல் இடைவெளியில் கோடு கீறி, அரை அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் விதையை ஐதாக இட்டு, வைக்கோல் பரப்புங்கள். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் நாற்று வெளிறி நெட்டையாகும். பூவாளியால் காலையில் நீர் விடுங்கள், மாலையில் வேண்டாம். மேல்மண் காயாவிட்டால் அன்று நீரே வேண்டாம். ஆர்வமிகுதியால் ஊற்றிக் கொல்லப்படும் நாற்றுகளே அதிகம்.

தக்காளி மூன்று நான்கு வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் நான்கு ஐந்து வாரத்திலும் நடுகைக்கு வரும். கடைசி வாரத்தில் நீரைக் குறைத்து, மழையில்லாத வேளைகளில் கூரையை அகற்றி வெயிலுக்குப் பழக்குங்கள்.

விதை வாங்கும்போது கலப்பினமா என்று கேளுங்கள். கலப்பினக் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்ற இனமானால் நல்ல செடியொன்றில் இரண்டு காயைப் பழுக்க விட்டு, அடுத்த மாரிக்கான விதையை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். வெண்டிக்கும் பயிற்றைக்கும் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அவற்றை நேரே நிலத்தில் ஊன்றுங்கள்.